பழைய போல்டரைத் திறக்கும் நேரம்: இயற்கைப் படங்களை எடிட் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைகளுக்குப் போய்வருகிறேன். வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, எப்போதாவது கொடைக்கானல் பக்கம். வேலை நாட்களில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பழைய போல்டர் ஒன்றைத் திறந்து ஒரு மணிநேரம் உட்காருவேன். படம் எடுக்கப் போவது எவ்வளவு பிடிக்குமோ, இதுவும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். கூட வரும் நண்பர்களும் புதிதாகக் கேமரா வாங்கியவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

எடுத்து முடித்த படத்தை மறுபடி ஏன் திறக்க வேண்டும்?

எடுத்த அன்று ராத்திரி நம் கண் ஒரே ஒரு படத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போய், கரண்டிவாயன் பறந்து வருவதை எடுத்திருந்தால், அது ஷார்ப்பாக வந்திருக்கிறதா என்பதுதான் அன்றைய கவலை. மற்ற முந்நூறு படங்கள் கண்ணிலேயே படாது.

2012 ஜனவரியில் வேடந்தாங்கலில் எடுத்த படம் ஒன்று, 'தெரியவில்லை' என்று பெயர் வைத்த போல்டரில் ஆறு வருடம் கிடந்தது. பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு நாரை. உருவம் நத்தை குத்தி நாரை மாதிரி இருந்தது, ஆனால் அலகு முழுசாக மூடியிருந்தது. நத்தை குத்தி என்றால் அலகின் நடுவில் ஒரு இடைவெளி இருக்க வேண்டுமே என்று அதை ஒதுக்கிவிட்டேன். 2018-ல் ஒரு மழை நாளில் திறந்து, இருட்டாக இருந்த இடங்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பார்த்தபோது, பின்னால் இருந்த கிளையில் இன்னொரு நாரை மங்கலாகத் தெரிந்தது. அதன் அலகில் இடைவெளி தெளிவாக இருந்தது. அப்புறம் விசாரித்துப் படித்ததில் புரிந்தது: நத்தை குத்தியின் குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். நான் எடுத்திருந்தது இளம் பறவை, பின்னால் நின்றது பெரிய பறவை. அந்தப் பதில் ஆறு வருடமும் அதே படத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இன்னொரு காரணம், ரசனை மாறுவது. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் நிலவு எழுவதைப் படமெடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகளாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை அச்சிட்டார். ஆரம்பப் பிரதிகளில் வானம் வெளிறி, மேகம் தெரியும். பிந்தியவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. படம் அதேதான், அவர் பார்த்த விதம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

எடிட் செய்வது ஏமாற்று வேலை ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 'எடிட் செய்யாத படம்' என்று ஒன்று டிஜிட்டலில் கிடையாது. கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். கேமராவிலிருந்து நேராக வரும் ஜேபெக் படத்தில் நிறமும் கான்ட்ராஸ்டும் ஷார்ப்னெஸும் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். அதை முடிவு செய்தவர் கேமரா கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர். அந்த ஏரிக்கரையில் நின்றது நீங்கள். ஆகவே அந்த முடிவை நீங்கள் எடுப்பதில் தவறே இல்லை.

எல்லை எங்கே என்று கேட்டால் என் கணக்கு இது: வெளிச்சம், நிறம், கிராப் (ஓரங்களை வெட்டுவது), நாய்ஸ் (வெளிச்சம் குறைந்த படங்களில் வரும் புள்ளிகள்), சென்சாரில் ஒட்டிய தூசி, இவற்றைச் சரிசெய்யலாம். இல்லாததைச் சேர்ப்பதும், இருந்ததை எடுப்பதும், இடம் மாற்றுவதும் கூடாது. நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1982 பிப்ரவரி அட்டைப்படத்தில், செங்குத்தான அட்டைக்குள் அடங்குவதற்காக கீசாவின் இரண்டு பிரமிடுகளை நெருக்கமாக நகர்த்தி வைத்தது. அதைப் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள். பறவையின் முகத்துக்கு குறுக்கே வந்த குச்சியை அழித்துவிட்டால் படம் அழகாகலாம், ஆனால் அந்தப் பறவை எந்த மாதிரிப் புதரில் உட்காரும் என்ற செய்தி அதோடு போய்விடும். அழித்தே தீர வேண்டும் என்றால் படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தொடவே வேண்டாம், பல போட்டிகளில் மூல ரா ஃபைலை, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பை, கேட்பார்கள்.

என்னிடம் இருப்பது எல்லாம் ஜேபெக். ரா-வில் எடுக்கவில்லை. பலன் உண்டா?

உண்டு, ஆனால் இடம் குறைவு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். இருட்டான பகுதியை இழுத்து வெளிச்சமாக்கினால் ஜேபெக்கில் சீக்கிரமே திட்டுத்திட்டாகிவிடும், நீல வானத்தில் வரி வரியாகத் தெரியும். கொஞ்சமாக மாற்றுங்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஜேபெக் கொஞ்சம் தரம் இழக்கும், அதனால் மூலப்படத்தின் மேல் ஒருபோதும் சேமிக்காதீர்கள். பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

இனிமேல் ரா-வும் ஜேபெக்கும் சேர்த்தே எடுங்கள். இன்றைக்கு ரா-வைத் தொடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்து வருடம் கழித்துத் தெரிந்திருக்கும்.

எந்த மென்பொருள் வாங்கலாம்?

முதலில் எதையும் வாங்க வேண்டாம். டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் இலவசம், முழுமையானவை. கேனானும் நிக்கானும் தங்கள் கேமராக்களுக்கு இலவச மென்பொருள் தருகிறார்கள். போனில் மட்டும் வேலை என்றால் ஸ்னாப்சீட் போதும். நான் லைட்ரூம் பயன்படுத்துகிறேன், மாதச் சந்தா கட்ட வேண்டும். பழகிவிட்டது என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை.

ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 பொங்கல் லீவில் போன கோடியக்கரை என்பது போல. அந்த ஒரு நாளின் படங்களை முதலிலிருந்து கடைசிவரை எதையும் மாற்றாமல் பாருங்கள். பிடித்ததற்கு ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டே போங்கள், நிற்க வேண்டாம். இரண்டாவது சுற்றில் நட்சத்திரம் வாங்கியவற்றை மட்டும் பாருங்கள். முந்நூறு படத்தில் பத்து தேறினால் நல்ல நாள்.

அன்று ஏற்கெனவே எடிட் செய்து நண்பர்களுக்கு அனுப்பிய படங்களைக் கடைசியாகத் திறங்கள். அவை நல்ல படங்கள் என்ற முடிவு மனதில் உட்கார்ந்திருக்கும், மற்றவற்றைப் பார்க்க விடாது.

அழிப்பது பற்றி: சுத்தமாக ஃபோகஸ் ஆகாதவற்றை அழித்துவிடலாம். 'சுமார்' ரகத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். என் நாரைக் குஞ்சு அந்த ரகத்தில்தான் இருந்தது.

ஒரு படத்தை எந்த வரிசையில் எடிட் செய்வீர்கள்?

ஒரு படத்தையே எடுத்துச் சொல்கிறேன். 2014 டிசம்பர், மதுராந்தகம் பக்கம் நடவு முடிந்த வயல். வரப்பில் ஒரு சின்னக்கொக்கு. காலை ஒன்பது மணி, வெயில் ஏறிவிட்டது. கேமரா இருட்டான சேற்றையும் பயிரையும் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. கொக்கு வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டிய மாதிரி வந்தது. 'எரிஞ்சு போச்சு' என்று அன்றே விட்டுவிட்டேன். போன வருடம்தான் திறந்தேன்.

முதலில் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு படத்தைப் பார்ப்பேன். இதில் எனக்கு என்ன வேண்டும்? கொக்கின் முதுகில் இறகு தெரிய வேண்டும், சேற்றுக்குள் இருக்கும் மஞ்சள் பாதம் தெரிய வேண்டும். கறுப்புக் காலும் மஞ்சள் பாதமும்தான் சின்னக்கொக்கின் அடையாளம். அவ்வளவுதான், இரண்டு வேலை.

அடுத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. வெள்ளைப் பறவையில் இது முக்கியம். நிழல் விழுந்த வயிற்றுப் பக்கம் லேசாக நீலமாக இருப்பது இயல்பு, வானத்தின் நீலம் அது. அதை முழுக்க எடுத்துவிட்டால் பறவை பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடும்.

பிறகு ஹிஸ்டோகிராம், அதாவது இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம் என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம். வலது ஓரத்துச் சுவரில் மலை மாதிரிக் குவிந்து நின்றது. ஆனால் முதுகுப் பகுதியில் முட்டியிருந்தது பச்சை மட்டும்தான், சிவப்பிலும் நீலத்திலும் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அந்த மிச்சத்தை வைத்துத்தான் மென்பொருள் விவரத்தை மீட்கிறது. எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப் குறைத்து, ஹைலைட்டை (வெளிச்சமான இடங்களுக்கான ஸ்லைடரை) மெதுவாக இடது பக்கம் இழுத்தேன். மைனஸ் 40-ல் ஒன்றும் இல்லை. மைனஸ் 60 தாண்டியதும் முதுகில் மெல்லிய கோடுகள் வரத் தொடங்கின, ஒவ்வொரு இறகின் நடுத்தண்டும், அதிலிருந்து விசிறியாகப் பிரியும் இழைகளும். அங்கேயே நிறுத்தினேன். இன்னும் இழுத்தால் வெள்ளை சாம்பலாகிவிடும். கழுத்தின் ஒரு பக்கத்தில் மூன்று நிறமும் சுவரில் முட்டியிருந்தது, அங்கே எதுவும் திரும்பி வராது. அதை அப்படியே விட்டேன். வெயில் அங்கே நேராக விழுந்தது, கண்ணுக்கும் அப்படித்தான் கூசியிருக்கும்.

பாதத்துக்கு மட்டும் பிரஷ் போட்டு ஷேடோவை (இருட்டான இடங்களை) கொஞ்சம் தூக்கினேன். முழுப் படத்துக்கும் தூக்கியிருந்தால் சேறு வெளிறிப்போய் வயலே மாறியிருக்கும். கடைசியாக வரப்பை நேராக்கி, கொக்கு பார்க்கும் திசையில் இடம் விட்டு கிராப். ஷார்ப்னெஸ் கண்ணுக்கும் அலகுக்கும் மட்டும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

அன்றே சேமித்து மூடிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தேன். ராத்திரிக் கண்ணுக்குச் சரியாகப் பட்ட நிறம் காலையில் அதிகமாகத் தெரியும். இருட்டு அறையில் ஸ்க்ரீன் பிரைட்னெஸை முழுசாக வைத்து எடிட் செய்தால் படம் எப்போதும் இருட்டாகத்தான் வரும், இதையும் கவனியுங்கள்.

பார்த்த நிறம் படத்தில் வரவே இல்லை. என்ன செய்வது?

2018-ல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது எனக்கும் இதேதான். 12 வருடத்துக்கு ஒருமுறை பூப்பது, அதற்கு முன் 2006. மலைச்சரிவில் நின்று பார்த்தபோது நீலமும் ஊதாவும் கலந்த நிறம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் முழுக்க வெறும் நீலம். கேமராக்கள் ஊதாவில் தடுமாறும். நம் கண் ஊதாவாகப் பார்க்கும் பல பூக்களை அவை நீலமாகப் பதிவு செய்யும். மேகமூட்டத்தில் வெளிச்சமே நீலமாக இருப்பதால் இன்னும் மோசம்.

ஒயிட் பேலன்ஸை 'கிளவுடி'க்கு மாற்றினால் பாதி சரியாகும். மீதிக்கு நீல நிறத்தின் ஹியூ (நிறச்சாயல்) ஸ்லைடரை மட்டும் ஊதாப் பக்கம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். எவ்வளவு? இங்கேதான் நினைவு ஏமாற்றும். ஆறு வருடத்துக்கு முன் பார்த்த நிறம் மனதில் அடர்த்தியாகிக்கொண்டே போகும். எனக்கு உதவியது ஒரு தற்செயல்: ஒரு படத்தின் ஓரத்தில் சாம்பல் நிறப் பாறை ஒன்று இருந்தது. அந்தப் பாறை சாம்பலாகத் தெரியும்வரை ஒயிட் பேலன்ஸை மாற்றி, அதே அளவை மற்ற படங்களுக்கும் போட்டேன். அதிலிருந்து எங்கே போனாலும் முதல் படமாக ஒரு பாறையையோ என் உள்ளங்கையையோ எடுத்து வைக்கிறேன். அடுத்த பூப்பு 2030-ல். அதற்குள் பழகிக்கொள்ளலாம்.

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) அதிகம் வைத்து எடுத்த பழைய படங்களில் ஒரே புள்ளி. காப்பாற்ற முடியுமா?

இப்போது முடியும், முன்பைவிட எவ்வளவோ நன்றாக. லைட்ரூமில் 2023 ஏப்ரலில் செயற்கை நுண்ணறிவு வழியாக நாய்ஸ் எடுக்கும் வசதி வந்தது. சோலைக்காட்டு நிழலில் ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்த கருமந்தி ஒன்று என்னிடம் இருந்தது. கறுப்பு ரோமம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி. அந்த வசதியைப் போட்டதும் ரோமம் தனித்தனியாகத் தெரிந்தது, மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் அளவு முக்கியம். முழு வேகத்தில் போட்டால் மென்பொருள் தன் ஊகத்தில் ரோமத்தை வரையத் தொடங்கிவிடும். பறவையின் மார்பில் இல்லாத வரி வந்துவிட்டால், இனத்தை அடையாளம் காண்பதே தவறாகிப்போகும். 100 சதவீதத்தில் பெரிதாக்கி, மூலத்தையும் எடிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலத்தில் சாயல்கூட இல்லாத ஒன்று எடிட்டில் தெரிந்தால் அளவைக் குறையுங்கள்.

கறுப்பு வெள்ளையாக மாற்றலாமா?

தாராளமாக. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். யானைத் தோலின் மடிப்புகளுக்கு நிறம் தேவையில்லை. மீன்கொத்திக்குத் தேவை. நிறம் கெட்டுப்போன படத்தை மறைக்கும் வழியாக இதைச் செய்யாதீர்கள், படத்தில் வடிவமும் வெளிச்சமும் இருந்தால் செய்யுங்கள்.

எவ்வளவு கிராப் செய்யலாம்?

24 மெகாபிக்சல் படம் என்றால் 6000 × 4000. நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் 3000 × 2000, அதாவது 6 மெகாபிக்சல். போனில் பார்க்க இது தாராளம். அதற்குக் கீழே போனால் இறகு விவரம் போய்விடும். பறவை சின்னதாக இருப்பதே தப்பு என்று நினைக்க வேண்டாம். ஏரி, கருவேல மரம், அதில் ஒரு கூழைக்கடா என்று முழுசாக விட்ட படங்கள் இப்போது எனக்கு அதிகம் பிடிக்கின்றன.

நானே முன்பு செய்த எடிட் இப்போது பிடிக்கவில்லை. அழித்துவிடலாமா?

வேண்டாம். என் 2013 படங்களில் புல்வெளி எல்லாம் கிளிப்பச்சை, சூரிய அஸ்தமனம் எல்லாம் ரத்தச் சிவப்பு. அன்றைக்கு அது எனக்கு அழகு. லைட்ரூமில் 'வர்ச்சுவல் காப்பி' எடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளலாம், பழையதும் இருக்கும். ரா ஃபைலில் நீங்கள் என்ன மாற்றினாலும் மூலம் மாறாது, மாற்றங்களின் பட்டியல் மட்டும் தனியாகச் சேமிக்கப்படும். 2012-க்கு முன் லைட்ரூமில் செய்த எடிட் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: அது பழைய 'பிராசஸ் வெர்ஷனி'லேயே, அதாவது மென்பொருள் படத்தைக் கணக்கிடும் பழைய முறையிலேயே, நின்றுகொண்டிருக்கும். புதியதற்கு மாற்றினாலே ஹைலைட்டும் ஷேடோவும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பழைய படங்களை இப்போது பகிரும்போது கவனிக்க வேண்டியது?

இடம். போனிலும் சில கேமராக்களிலும் எடுத்த படத்துக்குள் ஜிபிஎஸ் விவரம் ஒளிந்திருக்கும். தேவாங்கு, ஆந்தைக் கூடு போன்றவற்றின் படங்களில் அதை நீக்கிவிட்டுப் பகிருங்கள். பத்து வருடப் பழைய படமாக இருந்தாலும் தேவாங்கு அதே காட்டில்தான் இருக்கும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-ல்தான் அறிவிக்கப்பட்டது. 'திண்டுக்கல் மாவட்டம்' என்ற அளவில் எழுதினால் போதும், ஊர்ப் பெயர் தேவையில்லை. ஆரம்பத்தில் கூட்டுக்கு மிக அருகில் போய் எடுத்த சில படங்கள் என்னிடமும் உண்டு. அவற்றை நான் யாருக்கும் காட்டுவதில்லை. பார்ப்பவர் அதே தூரம் போக ஆசைப்படுவார்.

மற்றபடி, சாதாரணப் பறவைகளின் பழைய படங்களை, பறவை பார்த்த பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் ஏற்றலாம். பழைய தேதிக்குப் பட்டியல் போட அங்கே வசதி உண்டு. தேதியும் இடமும் சரியாக இருந்தால் உங்கள் 2012 படம் ஒரு ஏரியின் வரலாற்றில் ஒரு வரி. கேமராவின் கடிகாரம் தவறாக இருந்ததா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

எப்படிப் பத்திரமாக வைப்பது?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். கடைசி விதியை நான் 2015-ல் கற்றேன். அந்த டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நான் இருந்த தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேசை இழுப்பறையில் இருந்தன, இரண்டும் போயின. 2013, 2014 வருடங்களில் மிஞ்சியது, அக்கா வீட்டுக் கணினியில் தற்செயலாகப் போட்டு வைத்திருந்த போல்டர்கள் மட்டும்தான். மேலே சொன்ன வரப்புக் கொக்கு அதில் ஒன்று.

24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று 25 முதல் 30 எம்பி வரும். ஆயிரம் படத்துக்கு 30 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் முப்பதாயிரம் படம் அடங்கும். வருடத்துக்கு ஒருமுறை எல்லா டிஸ்க்கையும் செருகி, சில படங்களைத் திறந்து பாருங்கள்.

அச்சு எடுக்க வேண்டுமா?

வருடத்துக்குப் பத்துப் படமாவது எடுங்கள். 12 × 8 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில், 3600 × 2400 பிக்சல் போதும், 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். பளபளப்பில்லாத மேட் பேப்பர் இறகுக்கு நன்றாக இருக்கும். ஸ்க்ரீனைவிட அச்சு கொஞ்சம் இருட்டாகத்தான் வரும், அதனால் முதலில் சின்ன அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதாகப் போடுங்கள்.

அந்தச் சின்னக்கொக்கை 12 × 8-ல் அச்சிட்டு அக்காவிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காலுக்கு மட்டும் மஞ்சள் பூசினியா?" என்று கேட்டாள். பூசவில்லை, அது கொக்கின் நிறமே என்று சொன்னேன். அடுத்த வாரம் வயல் பக்கம் போனபோது அங்கிருந்து போன் செய்தாள், நாலு கொக்கின் காலைப் பார்த்துவிட்டதாக.